அதே ஏழு பேர்

வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சாமான் கட்டுகிற வேலை அவளுக்கு. அங்கே எல்லோருக்கும் அவள் டேப்பக்கா. பெட்டிகளுக்கு ஒட்டுகிற பழுப்பு டேப் சுருளை வளையல் மாதிரி இடது கையில் மாட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். ஒருமுறை கழற்ற மறந்து, அதோடு போய்ப் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தவள். யார் வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் ஒரு முற்பகலுக்குள் பெட்டிகளில் அடக்கிவிடுவாள். தட்டுகளைப் படுக்கவைத்தால் உடையும், நிற்கவைத்தால் உடையாது. கண்ணாடித் தம்ளருக்குள் காகிதத்தைத் திணித்த பிறகுதான் வெளியே சுற்ற வேண்டும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நிறைய உடைத்துத்தான் கற்றுக்கொண்டாள். அவள் கை பட்டாலே எல்லாம் தூள் என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்ட மேனேஜர், இப்போது பீங்கான் நிறைந்த வீடு வந்தால் வேறு ஆளை அனுப்புவதில்லை.

லாரியில் சாமான் ஏற்றுவதில் அவள் ரொம்பக் கறார். போய் இறங்கியதும் முதலில் தேவைப்படுவது கட்டிலும் டீ போடுகிற பாத்திரமும். அதனால் அவை கடைசியில் ஏற வேண்டும். புத்தக அலமாரியை அன்றைக்கு யாரும் தேடப் போவதில்லை, அது முதலில் உள்ளே போய்விட வேண்டும். வரிசை தப்பினால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இந்தம்மா இருக்கும்போது ஒரு தலகாணியக்கூட முன்ன பின்ன ஏத்த முடியாது" என்று லாரி ஓட்டுநர் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஏற்றும்போது வாய்விட்டு எண்ணுவாள், இறக்கும்போதும் வாய்விட்டு எண்ணுவாள். இரண்டும் ஒத்துவந்தால்தான் தண்ணீர் குடிப்பாள்.

கணவர் நோயில் போய்ச் சேர்ந்தபோது அவள் கையில் மூன்று பையன்கள். கடைக்குட்டி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒரு பெரிய அறையும் ஒரு சமையலறையுமாக ஒரு வாடகை வீடு. அதில் மூன்று பேரையும் வளர்த்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். அழ வேண்டிய அளவு அழுதாள், அப்புறம் எழுந்து வேலைக்குப் போனாள். பையன்கள் அடிபிடிச் சண்டை போட்டால் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு அதட்டல் போடுவாள். கீழ்வீட்டு ரேடியோகூட நின்றுவிடும்.

அப்படி இருந்தவள் இரண்டாம் கல்யாணத்தில் போய் விழுந்ததற்குக் காரணம் ஓர் ஆளுயரக் கண்ணாடி. ஒரு வீட்டில் அது சுவரோடு சுவராகப் பதித்திருந்தது. அதைப் பெயர்த்து எடுக்க, சன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்காரர் வந்தார், பெயர்த்தார், அவள் சுற்றிக் கட்டினாள், இருவருமாகப் படியில் இறக்கினார்கள். இறக்கி வைத்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"கண்ணாடிய இவ்வளவு பக்குவமா சுத்தின ஆள நான் பாத்ததே இல்லைங்க" என்றார் அவர்.

"உடைஞ்சா எங்க தலையிலதான விடியும்" என்றாள் அவள்.

காதல் வசனம் என்று இதற்கு மேல் எதுவும் பேசவில்லை என்று இருவருமே இன்றுவரை சாதிக்கிறார்கள். ஆனால் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு எந்த வீடு மாறினாலும் கண்ணாடிக்காரருக்கு அங்கே ஏதோ வேலை இருந்தது. அவரும் மனைவியை இழந்தவர். இரண்டு பெண்கள். பெரியவள் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு அமைதி. சின்னவளுக்கு ஆறு வயது, எதற்கெடுத்தாலும் எதிர்வாதம். "மழை பெய்யுது, உள்ள வா" என்றால் "எங்க பெய்யுது, தூறுது" என்பாள். அதனால் அப்பா வைத்த பெயர் வக்கீலம்மா.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது, மூன்று அறை, கொஞ்சம் பெரிய சமையலறை. எங்கே இருப்பது என்ற பேச்சே எழவில்லை. நாலாவது மாடியில் ஒற்றை அறையில் ஏழு பேர் எப்படி? ஆகவே அவளும் மூன்று பையன்களும் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். மூன்று பேர் இருந்த வீட்டுக்கு நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். சொல்லிப் பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த "வந்து சேர்ந்தார்கள்" அவள் நெஞ்சில் ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

யாரும் ஒரு குறை வைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. கண்ணாடிக்காரர் அவளைக் கையில் வைத்துத் தாங்கினார். ஆனாலும் அவள் அலமாரியைத் திறக்குமுன் ஒரு நொடி நின்றாள். உப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் "உப்பு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாள். ஊரார் சமையலறையெல்லாம் உரிமையோடு உருட்டுகிறவள், இந்த ஒரு சமையலறையில் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றாள். தாயைப் பார்த்துப் பையன்களும் பெட்டிப் பாம்பாக அடங்கினார்கள். கண்ணாடிக்காரரை "சார்" என்று கூப்பிட்டார்கள். அவர் எத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லியும் "சரி சார்" என்றார்கள்.

வக்கீலம்மா வேறு சும்மா இருக்க மாட்டாள். "எங்க வீட்ல செருப்ப இங்க விட மாட்டோம்", "எங்க வீட்ல இந்தக் கப்பு அப்பாவோடது" என்று அவ்வப்போது சட்டம் வாசிப்பாள். குரலில் விஷம் இல்லை, தகவல்தான். கேட்கிறவளுக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

அதனால் நாலாவது மாடி வீட்டை அவள் விடவில்லை. சாமான்கள் அப்படியே இருந்தன. வீட்டுச் சொந்தக்காரர் போன் செய்து காலி செய்கிறாயா இல்லையா என்று கேட்கும்போதெல்லாம் "கொஞ்சம் பொறுத்துக்குங்க சார், சொல்றேன்" என்பாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சில நாள் வேலை முடிந்து அந்த வீட்டுக்குப் போய்த் தன் அடுப்பில் தனக்கென்று ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வருவாள். கணவர்மேல் ஆசை இல்லாமலில்லை. அந்தப் பெண்கள்மேலும் பாசம்தான். ஆனால் இந்த வீட்டில் தான் வந்தவளா, இருப்பவளா? அது தெரியாமல் அந்தச் சாவியைக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வக்கீலம்மா தரையில் உலர்ந்த பட்டாணிகளைப் பரப்பி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றும் நாலும் எத்தனை என்று ஒரு கணக்கு. அதற்குக் கீழேயே நாலும் மூன்றும் எத்தனை என்று இன்னொன்று. மூன்று பட்டாணி வைத்தாள், நாலு சேர்த்தாள், எண்ணினாள், ஏழு என்று எழுதினாள். பிறகு எல்லாவற்றையும் கையால் வழித்துத் தள்ளிவிட்டு, அடுத்த கணக்குக்கு முதலிலிருந்து நாலு பட்டாணி வைக்க ஆரம்பித்தாள்.

"அதான் மேலயே போட்டுட்டியே. அதே ஏழுதான், எழுதிடு" என்றார் அப்பா.

"எண்ணாம எப்படி எழுதறது?"

"முன்ன பின்ன மாத்திக் கேட்டிருக்காங்க, அவ்வளவுதான். ரெண்டும் ஏழு."

"ஏழுதான். ஆனா அதே ஏழா?"

கண்ணாடிக்காரர் டீ கப்பைக் கீழே வைத்தார். வக்கீலம்மா வாதத்தை விரித்தாள். "மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு நாலு பேர் வர்றதும், நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மூணு பேர் போறதும் ஒண்ணாப்பா? இருந்தவங்க இருந்தவங்கதான், வந்தவங்க வந்தவங்கதான்."

பெரியவள் தங்கையின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கண்ணாடிக்காரருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. மனைவி பக்கம் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. டேப்பக்காவோ வாணலியைத் தேய்த்துக்கொண்டே மனசுக்குள் அந்தக் குழந்தைக்கு நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாகத் தனக்குச் சொல்லத் தெரியாததை ஒரு ஆறு வயது எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டது. டீச்சர் மறுநாள் அந்தப் பக்கத்தில் "மறுபடி எண்ண வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். டேப்பக்காவுக்கு டீச்சர்மேல்தான் கோபம் வந்தது. நாலு பேராக ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும் டீச்சருக்கு என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே மேல்வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லாத நேரம். சாயங்காலம் எல்லோரும் வந்து பார்த்தால் சமையலறைக் கூரையும் நடு அறைக் கூரையும் தரையில் கிடந்தன. படுக்கைகள் ஊறிப்போய்க் கிடந்தன. கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சொட்டச் சொட்ட ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"இப்ப எங்க போறது?" என்றார் பொதுவாக.

"என் வீடு இருக்கே" என்றாள் டேப்பக்கா.

சொல்லும்போதே அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கூரை விழுந்து கிடக்கிறது, கணவர் இடிந்துபோய் நிற்கிறார், இதில் கொண்டாட்டமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இனி அவள் வீடு, அவள் அடுப்பு, அவள் சட்டம். இனிமேல் அவர்கள்தான் வந்தவர்கள். அங்கே இந்தக் குடும்பமே வேறு மாதிரி இருக்கும், தான் ராணி மாதிரி இருக்கலாம் என்று படியேறும்போதே கற்பனை ஓடியது. ஈரப் படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடியும் ஒரே மூச்சில் ஏறினாள்.

முதல் இரண்டு நாள் ராணிதான். பையன்களுக்கும் தலைகால் புரியவில்லை. இத்தனை மாதம் அடக்கிவைத்த சத்தத்தையெல்லாம் ஒரே நாளில் போட்டுத் தீர்த்தார்கள். கடைக்குட்டி வாசலில் நின்று, "எங்க வீட்ல செருப்ப இங்க விட மாட்டோம்" என்று கண்ணாடிக்காரருக்கே உத்தரவு போட்டான். அவர் "மன்னிச்சுக்குங்க சார்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வீடே சிரித்தது.

மூன்றாவது நாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். கண்ணாடிக்காரர் சமையலறை வாசலில் நின்று, "ஒரு தம்ளர் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். பெரியவள் சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்ட நிமிஷமே கழுவிக் கவிழ்த்தாள். வக்கீலம்மா வாதாடவே இல்லை. "முட்டை வேணுமா?" என்று கேட்டால் "இருந்தா குடுங்க" என்றாள். சுவரோரமாகக் காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரும் விதம் டேப்பக்காவுக்குத் தெரிந்த விதம்தான், ஏனென்றால் கண்ணாடிக்காரர் வீட்டில் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ராணி உத்தியோகம் அன்றோடு கசந்துவிட்டது.

"ஏன்டா கண்ணு, உன் வீடு மாதிரி இருக்கலாம்ல" என்றாள்.

"இது உங்க வீடுதானே" என்றாள் வக்கீலம்மா. குரலில் விஷம் இல்லை, தகவல்தான்.

ஒரே அறையில் எல்லோரும் வரிசையாகத் தரையில் படுத்தார்கள். சமையலறைப் பக்கம் டேப்பக்கா, பிறகு மூத்தவன், நடுவன், கடைக்குட்டி, அதற்கப்புறம் வக்கீலம்மா, பெரியவள், சன்னலோரம் கண்ணாடிக்காரர். நல்ல வெளிச்சம் வந்த ஒரு விடுமுறைக் காலையில் டேப்பக்கா முட்டை வேகவைக்கப் பானையை எடுத்தாள். எத்தனை போடுவது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் கைப்பழக்கம், எதையும் எண்ணாமல் உள்ளே போட மாட்டாள். வாசலில் நின்று தன்னிலிருந்து ஆரம்பித்து மெதுவாக வாய்விட்டு எண்ணினாள். தான், மூத்தவன், நடுவன், கடைக்குட்டி, நாலு. அப்புறம் அந்தப் பக்கம் மூன்று.

அறையின் மறுகோடியிலிருந்து இன்னொரு குசுகுசுப்பு கேட்டது. வக்கீலம்மா எப்போதோ எழுந்து சன்னலோரம் போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தம்ளர் எடுத்து வைக்க எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவிலிருந்து ஆரம்பித்திருந்தாள். அப்பா, அக்கா, தான், மூன்று. அப்புறம் இந்தப் பக்கம் நாலு.

"ஏழு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இடையில் ஐந்து பேர் குறட்டையும் போர்வையுமாகக் கிடந்தார்கள்.

"நீங்க யாருகிட்டேருந்து ஆரம்பிச்சீங்க?" என்று வக்கீலம்மா ரகசியமாகக் கேட்டாள்.

"என்கிட்டேருந்துதான்."

"நான் அப்பாகிட்டேருந்து." வக்கீலம்மாவின் நெற்றி சுருங்கியது. வழக்கு ஒன்று உள்ளே நடக்க ஆரம்பித்துவிட்டது. "நீங்க இங்க வந்து எண்ணுங்க. நான் அங்க வரேன்."

போர்வைகளைத் தாண்டித் தாண்டி இருவரும் இடம் மாறினார்கள். திரும்ப எண்ணினார்கள். இந்தத் தடவை டேப்பக்கா கண்ணாடிக்காரரிலிருந்து தொடங்கினாள், சின்னவள் இந்தப் பக்கத்திலிருந்து. டேப்பக்காவுக்கு நாலு பேர் பின்னால் வந்தார்கள், சின்னவளுக்கு மூன்று பேர் பின்னால் வந்தார்கள். மறுபடியும் ஏழு.

"நடுவுல யாராவது எந்திரிச்சாங்களா?" என்றாள் வக்கீலம்மா.

"இல்லையே."

"யாராச்சும் புதுசா உள்ள வந்தாங்களா?"

"கதவு சாத்திதான இருக்கு."

"அவன் கால நீட்டினான்."

"கால் கணக்குல வராது."

வக்கீலம்மா வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப ஆளுங்க பேசாம படுத்துத்தான் கிடக்கறாங்க. மொதல்ல யாரு, அப்புறம் யாருங்கறது நாம எங்க நின்னு எண்ணறோம்ங்கறதுல இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, தீர்ப்பும் அவளே சொன்னாள். "அதே ஏழு."

டேப்பக்கா சன்னலோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை வருஷமாக லாரியில் சாமான் எண்ணுகிறாள். ஏற்றும்போது அலமாரியிலிருந்து ஆரம்பித்துக் கட்டிலில் முடிப்பாள். இறக்கும்போது கட்டிலிலிருந்து ஆரம்பித்து அலமாரியில் முடிப்பாள். முழுக்கத் தலைகீழ். ஒருநாளாவது எண்ணிக்கை மாறியதுண்டா? கட்டில் முதலில் வந்துவிட்டதே, அதனால் அலமாரி விருந்தாளி ஆகிவிட்டது என்று நினைத்ததுண்டா? போட்டு உடைத்தாலோ விட்டுவிட்டு வந்தாலோதான் எண்ணிக்கை குறையும், வரிசை மாறியதால் ஒருநாளும் குறைந்ததில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் தெரிந்த இந்த விஷயம் தன் வீட்டு ஆட்களைப் பற்றித் தனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து வக்கீலம்மாவும் சிரித்தாள். வக்கீலம்மாவுக்குப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தெரியாது, அதனால் வீடே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"என்ன, என்ன ஆச்சு?" என்றார் கண்ணாடிக்காரர், தலைமுடி நாலு பக்கமும் நிற்க.

"ஒண்ணுமில்ல. எண்ணிப் பாத்தோம்" என்றாள் டேப்பக்கா.

முட்டை சாப்பிடும்போது வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. மூத்தவன் சும்மா விடவில்லை. "அப்ப ஷூவ மாட்டிட்டு அதுக்கு மேல சாக்ஸ மாட்டலாமா?" என்றான். வக்கீலம்மா உடனே மாட்டிக் காட்டினாள். நாலு எட்டு நடந்து, வழுக்கி, கண்ணாடிக்காரர் மடியில் விழுந்தாள். "எல்லாத்துக்கும் இது ஆகாது" என்றாள் டேப்பக்கா. "லாரில கட்டிலுக்குப் பின்னாடி அலமாரி ஏத்தினா ராத்திரி தரையிலதான் படுக்கணும். ஏத்தறதுக்கு வரிசை வேணும். மொத்தம் எத்தனைங்கறதுக்கு வரிசை வேணாம்." பெரியவள், வாயே திறக்காதவள், அன்றைக்குத் திறந்தாள். "நம்ம சண்டையும் அப்படித்தான் ஆன்ட்டி. யாரு ஆரம்பிச்சாலும் மொத்தம் அதேதான்." அறையே ஒரு நிமிஷம் திகைத்தது. இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு குறும்பு இருக்கிறதா என்று.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. குளியலறை வாசலில் தினமும் ஒரு போராட்டம். நடுவனும் பெரியவளும் கூட்டுச் சேர்ந்து கடைக்குட்டியின் பங்கு பிஸ்கட்டைக் கொள்ளையடித்தார்கள். கடைக்குட்டி "சார், பாருங்க சார்" என்று முறையிடப் போய், அவசரத்தில் "அப்பா, பாருங்க சார்" என்றான். கண்ணாடிக்காரர் அன்று முழுக்கக் கடையில் யார் வந்தாலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சன்னல் கண்ணாடியை அளவு தப்பி வெட்டிவிட்டார் என்றும் கேள்வி. டேப்பக்கா ஒன்றைப் பார்த்தாள். அங்கே இருந்த குடும்பம் வேறு, இங்கே இருக்கிற குடும்பம் வேறு என்று நினைத்தாளே, அப்படி ஒன்றுமில்லை. அங்கே கடைசியில் சாப்பிட்டவளும் இங்கே முதலில் பரிமாறுகிறவளும் ஒருத்திதான். வந்தவள் என்று அவளை யாரும் அங்கே உட்கார வைக்கவில்லை, தானாகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுச் சொந்தக்காரர் மறுபடி போன் செய்தபோது அவள் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. "கூரை வேலை முடிஞ்சதும் காலி பண்ணிடறோம் சார்" என்றாள். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவு பலமாக ஆளுயரக் கண்ணாடியைக்கூட அவர் பிடித்ததில்லை.

வேலை முடிந்துவிட்டது என்று கொத்தனார் சொல்லி அனுப்பியதும், அவள் நிறுவனத்து லாரியிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாமான் இறங்கிக்கொண்டிருக்கும்போது டேப்பக்கா நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். கூரை புதுசாக, வெள்ளையாக இருந்தது. அடுப்பைப் பார்த்ததும்தான் அவளுக்கு வந்தது கோபம். கொத்தனார் சிமென்ட் சட்டியை அடுப்பின் மேலேயே வைத்துக் குழைத்திருந்தார். அடுப்பு, மேடை, தண்ணீர்க் குழாய், எல்லாம் சாம்பல் நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னங்க இது? அடுப்பு மேலயா சிமென்ட் குழைப்பாங்க? இப்பவே சுரண்டித் தொடைச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். குரல் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கொத்தனார் அந்தத் தெருவில் பழைய ஆள், எல்லார் வீட்டுக் கதையும் தெரிந்தவர். அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஏம்மா சத்தம் போடறீங்க? நீங்க நேத்து வந்தவங்க. வீட்டுக்காரர் வரட்டும், நான் அவர்கிட்ட பேசிக்கறேன்."

தாண்டிவிட்டோம் என்று நினைத்த அதே இடத்தில் டேப்பக்காவின் கால் போய்ச் சிக்கிக்கொண்டது. ஒரு நொடி, பழைய வழக்கப்படி, பின்னால் நகரப் பார்த்தாள்.

நகர முடியவில்லை. பின்னால் வக்கீலம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நேத்து வந்தவங்க, முந்தாநாள் வந்தவங்கன்னெல்லாம் இங்க யாரும் இல்ல" என்றாள் கொத்தனாரிடம். "இந்தப் பக்கத்துலேருந்து எண்ணினா இவங்கதான் மொதல்ல. அந்தப் பக்கத்துலேருந்து எண்ணினா எங்கப்பா மொதல்ல. எப்படி எண்ணினாலும் ஏழு பேரு. ஏழு பேருக்கும் இது ஒரே அடுப்புதான். இவங்க சொன்னா நாங்க எல்லாரும் சொன்ன மாதிரி. தொடைச்சுக் குடுங்க."

ஆறு வயதிடம் எதிர்வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் அந்தத் தெருவில் இல்லை என்பது கொத்தனாருக்கும் தெரியும். குனிந்து சுரண்டுகிற தகட்டை எடுத்தார்.

டேப்பக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் குழந்தையை அப்படியே வாரி எடுத்துக்கொள்ளலாம் என்று குனிந்தவள் அப்போதுதான் அவள் காலைப் பார்த்தாள். வக்கீலம்மா தன் பெரிய வாதத்தையெல்லாம், கூரை விழுந்து குழியான இடத்தில் கொத்தனார் அன்று காலையில் கொட்டி நிரப்பியிருந்த ஈரத் திட்டின் நட்டநடுவில், கணுக்கால்வரை புதைந்து நின்றுகொண்டு செய்திருந்தாள்.

இத்தனை மாதத்தில் அந்த இரண்டு பெண்களையும் அவள் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அடுத்தவர் வீட்டுக் குழந்தையை யார் அதட்டுவார்கள்?

"அறிவிருக்காடி உனக்கு? புது ஷூவோட ஈர சிமென்ட்ல நிக்கற. ஏறுடி மேல. நடக்காத, நடக்காத, அப்படியே நில்லு" என்று ஒரு சத்தம் போட்டாள். மேல்வீட்டு ரேடியோ நின்றது. அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி மேடைமேல் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றினாள். கழற்றிக்கொண்டே திட்டினாள். பல் தேய்க்காததையும் பென்சில் தொலைத்ததையும்கூட விடவில்லை. இத்தனை மாதத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டினாள்.

வாசலில் கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் பதறிப்போய் ஓடிவந்தார். மேடைமேல் சிமென்ட் காலோடு உட்கார்ந்திருந்த வக்கீலம்மாவின் முகம், பெரிய வழக்கு ஒன்றை ஜெயித்த முகம்.

"அப்பா, பாருப்பா" என்றாள், வாயெல்லாம் பல்லாக. "என்னையும் திட்டறாங்க."